பிறக்காத அண்ணனும் ஒரு வெறுங்கட்டமும்

எனக்கு ஓர் அண்ணன் இருந்தான். ஜெர்மனியில். ஐந்து வருடம் அவனை நான்தான் கட்டிக் காத்தேன். வேலை எடுத்துக் கொடுத்தேன், நீரிழிவு வரப்பண்ணினேன், ஒரு மாரிகாலத்தில் பனியில் சறுக்கி விழுத்திக் காலையும் முறித்தேன். அவன் செய்யாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான்: பிறக்கவில்லை. என் அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை.

அவனைக் கொன்றது கனடாவின் குடிசன மதிப்பீடு. தொண்ணூறுகளின் நடுவில், ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடியின் பதினாலாம் மாடியில், எங்கள் வீட்டு வாசலில் வைத்து அது நடந்தது.

முதலில் அவன் உண்டான கதையைச் சொல்ல வேண்டும்.

நாங்கள் இரண்டு பெண்கள். ஒரு தேவாலயத்து நிலவறையில் நடந்த இலவச ஆங்கில வகுப்பில் சந்தித்தோம். நான் யாழ்ப்பாணம், அவள் மட்டக்களப்பு. என் பேச்சைக் கேட்டு அவள் சிரித்தாள், அவள் பேச்சைக் கேட்டு நான் சிரித்தேன், இரண்டு பேரின் ஆங்கிலத்தையும் கேட்டு வாத்தியார் அழுதார். அவளுக்கு நாலு வயதில் ஒரு மகள். மகளின் தகப்பன், பிள்ளை பிறக்கும் முன்பே, நாட்டில் நடந்த சண்டையில் இல்லாமல் போனவர். ஆறு மாதம் கழித்து மூவரும் ஒரே வீட்டுக்குக் குடி வந்தோம். இரண்டு படுக்கையறை, ஒன்று மகளுக்கு, ஒன்று எங்களுக்கு. கணவனும் மனைவியும் எப்படி இருப்பார்களோ அப்படி இருந்தோம். சண்டை மட்டும் கொஞ்சம் கூட. எனக்கு அவள் என்றால் உயிர். இதை இப்போது ஒரு வரியில் எழுதிவிட்டேன். அன்றைக்கு வாய் திறந்து சொல்ல எனக்கிருந்த பயம் கொஞ்சநஞ்சமல்ல.

வீட்டில் நான் அவளை ‘மட்டக்களப்பு’ என்று கூப்பிடுவேன். அவள் என்னை ‘யாழ்ப்பாணம்’ என்பாள். கோபம் வந்தால் ‘ஏய் யாழ்ப்பாணம்’.

குடிவந்த முதல் கிழமையே லிப்டில் அங்கிளிடம் மாட்டிக்கொண்டோம். அங்கிள் எட்டாம் மாடி. யாழ்ப்பாணத்துக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் கந்தோரில், முப்பது வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனை. எங்கள் கட்டடத்தில் இருந்த அத்தனை தமிழ் வீட்டுக்கும் அகதி விண்ணப்பம், சுகாதார அட்டை, பள்ளிக்கூட அனுமதி, டெலிபோன் இணைப்பு என்று எந்தப் படிவம் வந்தாலும் அவர்தான் நிரப்புவார். ஒரு சதம் வாங்கமாட்டார். ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடமாட்டார். “வெறுங்கட்டம் விட்டால் வெள்ளைக்காரன் சந்தேகப்படுவான்” என்பது அவருடைய ஒரே கொள்கை.

கீழ்த்தளத்தில் லிப்ட் மூடியதும் ஆரம்பித்தார்.

“பிள்ளையள் எந்த ஊர்?”

சொன்னோம்.

“ஒராள் யாழ்ப்பாணம், ஒராள் மட்டக்களப்பு. அப்ப என்ன முறை?”

எங்கள் ஆட்களிடம் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. இரண்டு தமிழர் ஒரே வீட்டில் இருந்தால் நடுவில் ஒரு முறை இருந்தே ஆகவேண்டும். நான் மேலே எரிந்த இலக்கங்களைப் பார்த்தேன். மூன்று. நாலு. ஐந்தில் வாய் தானாகத் திறந்தது.

“மச்சாள், அங்கிள். என்ர அண்ணையின்ர மனிசி.”

ஆறாம் மாடியில் அண்ணனுக்கு மட்டக்களப்பில் ஒரு வங்கியில் வேலை கிடைத்தது. ஏழில் அங்கேயே கல்யாணம் முடித்தான். எட்டாம் மாடியில் கதவு திறந்தபோது அவன் ஜெர்மனிக்குப் போய் அகதி வழக்குப் பதிந்துவிட்டான். அங்கிள் திருப்தியாக இறங்கினார். மீதி ஆறு மாடியும் மட்டக்களப்பு என்னோடு பேசவில்லை. வீட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் வாய் திறந்தாள்.

“செத்தவருக்கு மேல இன்னொருத்தன வெச்சிட்டாய் கா. என்ட புள்ளைக்கு ஒரு தகப்பன் இருந்தவர்.”

அது எனக்குச் சுட்டது. ஆனால் பொய் லிப்டை விட்டு இறங்கிப் போய்விட்டது. மறுநாளே கட்டடம் முழுக்கத் தெரியும்.

நம்முடைய சனத்திடம் ஒரு பொய்ச் சொந்தத்தைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்க ஏலாது. அதற்குத் தினமும் தீனி போடவேண்டும். ஜெர்மனியில் எவடம் என்று கேட்டார்கள். ஒரு பெரிய நகரத்தைச் சொன்னேன். அங்கிளின் சகலன் அதே நகரத்தில் கடை வைத்திருந்தார். அண்ணனை அவசரமாக வடக்கே மாற்றினேன். வடக்கே இரண்டாம் மாடி அன்ரியின் தம்பி இருந்தான். தெற்கே மாற்றினேன். ஐந்து வருடத்தில் பாவம், எட்டு ஊர் மாறினான். உலகத்தில் எங்கள் ஆள் ஒருவர் இல்லாத ஊரைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் தெரிந்தது.

“என்ன பிள்ளை, உம்முடைய அண்ணை ஓரிடத்திலயும் நிலையா நிக்கிறாரில்லை?” என்று அங்கிள் ஒருநாள் கேட்டார்.

“சரியான சுகர், அங்கிள். வேலையில நிலைக்க முடியேல்லை.”

அங்கிளுக்கும் நீரிழிவு. முகம் உடனே இளகிவிட்டது. எவ்வளவு நிற்குது, என்ன மருந்து, காலில் விறைப்பு உண்டோ என்று கேட்டார். கடைசியில் “என்ன நட்சத்திரம்?” என்றார். ஏன் கேட்கிறார் என்று யோசிக்காமல் கார்த்திகை என்றேன். அதற்குப் பிறகு லிப்டில் காணும்போதெல்லாம் அண்ணனின் சுகரை விசாரிப்பார். என் சுகத்தை ஒருநாளும் விசாரித்ததில்லை.

மட்டக்களப்புக்கு அண்ணனைக் கண்ணில் காட்டக்கூடாது. “இந்த மனிசனோட எனக்குச் சரிவராது” என்பாள். சாப்பிடும்போது யாராவது டெலிபோன் எடுத்து அவனைப்பற்றிக் கேட்டால், “எனக்கு டிவோர்ஸ் எடுத்துத் தா” என்று பின்னாலிருந்து கத்துவாள். மகளுக்கு மட்டும் அவனைப் பிடிக்கும். அவன் உண்மையில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அது அவளுக்கு ஒரு குறையாகப் படவில்லை. தன் மாமியின் அண்ணன் ஜெர்மனியில் ரயில் ஓட்டுகிறான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தாள். ரயில் வேலை நான் கொடுத்ததல்ல, அவளே எடுத்துக் கொடுத்தது.

இப்படியே போயிருக்கும். அந்த மே மாதம், வீட்டிலுள்ள ஆட்களைக் கணக்கெடுக்கிற படிவத்தோடு கதவுப்பிடியில் ஓர் உறை தொங்காமல் இருந்திருந்தால்.

குடிசன மதிப்பீடு என்றதும் கட்டடம் நடுங்கிவிட்டது. காரணம், இரண்டு அறை வீட்டில் ஒன்பது பேர் இருப்பது கட்டடக்காரனுக்குத் தெரியவந்துவிடும் என்ற பயம். அங்கிள் உடனே உடுப்புத் தோய்க்கிற அறையில் கூட்டம் கூட்டினார். ஒரு வோஷிங் மெஷினை மேசையாக வைத்துக்கொண்டு, “அவன் எண்ணத்தான் வாறான், கலைக்க வரேல்லை. பயப்பிடாதேயுங்கோ. எல்லாத்தையும் என்னட்டைக் கொண்டுவாங்கோ” என்றார். அந்த மெஷினுக்குள் யாருடையதோ உடுப்புச் சுழன்றுகொண்டிருந்தது. அவருடைய எழுத்து அன்றைக்கு மட்டும் கொஞ்சம் ஆடியது. சனம் வரிசையில் நின்றது. ஊரில் பக்கத்து வளவுக்காரன், வகுப்பில் கூடப் படித்தவன், விமானத்தில் பக்கத்தில் இருந்தவன் எல்லோரும் அன்றைக்குப் படிவத்தில் ஒன்றுவிட்ட சகோதரர் ஆனார்கள். எங்கள் கட்டடத்தின் கணக்கைப் பார்த்த அதிகாரி, இலங்கையில் மொத்தமே இரண்டு குடும்பம்தான் என்று நினைத்திருப்பார்.

நானும் உறையை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் புறப்பட்டேன். மட்டக்களப்பு கதவை மறித்து நின்றாள்.

“எங்க போறாய்?”

“அங்கிளிட்டக் குடுத்தால் நிரப்பித் தருவார்.”

“என்னெண்டு நிரப்புவார்?”

உறையை அவளிடமே நீட்டினேன்.

அவள் படிவத்தை வாங்கி மேசையில் விரித்தாள். வீட்டிலுள்ள ஒருவரை முதலாம் ஆள் என்று போடவேண்டும். மற்றவர்கள் ஒவ்வொருவரும் அந்த முதலாம் ஆளுக்கு என்ன உறவு என்று பக்கத்தில் எழுதவேண்டும். கணவன், மனைவி, மகன், மகள், மச்சாள் என்று ஒரு பட்டியலே இருந்தது. ஒன்றிலும் அடங்காதவர்களுக்கு ‘வேறு’ என்று கடைசியில் ஒரு கட்டம், எழுத ஒரு கோடு.

“லிப்டில பொய் சொல்லு. கோயில்ல சொல்லு. கடையில சொல்லு. நான் ஒண்டும் பேசல்ல. இதில மட்டும் எழுதாத” என்றாள். “நான் உனக்கு ஆரெண்டு இந்த அஞ்சு வருசத்தில ஒருத்தரும் கேக்கல்ல. எல்லாரும் முறைதான் கேட்டாங்க. இப்பதான் ஒருத்தன் கேட்டிரிக்கான்.”

“அவன் எல்லா வீட்டையும் கேக்கிறான்.”

“எங்களையும் கேக்கிறான்தானே.”

பிறகு அந்தச் செய்தியைச் சொன்னாள். அவளுக்கு ஒரு முதியோர் இல்லத்தில் பகுதிநேர வேலை. ஒஷாவா நகரத்தில் வேறோர் இல்லத்தில் முழுநேர வேலை தருகிறார்களாம், இருக்க இடமும் பக்கத்திலேயே உண்டாம். ஒரு மாதத்துக்குள் பதில் சொல்லவேண்டும்.

“உன்ட அண்ணன்ட பொண்டாட்டியா இரிக்கிறதெண்டா நான் ஒஷாவாவிலயும் இரிக்கலாம். இஞ்ச உன்னோட இரிக்கத் தேவல்ல. புள்ளையக் கூட்டிக்கொண்டு போறன்.”

குரலை உயர்த்தவேயில்லை. அவள் கத்தினால் எனக்குப் பயமில்லை, கத்தாவிட்டால்தான் பயம். நான் எழுதுகிறேன் என்று சொன்னேன். உண்மையாகவே எழுதத்தான் நினைத்தேன்.

அடுத்த நாள் அவள் வேலைக்குப் போனதும் உட்கார்ந்தேன். முதலாம் ஆள் நான். வாடகைப் பத்திரம் என் பெயரில். இரண்டாம் ஆள் அவள். பெயர் எழுதினேன், பிறந்த திகதி எழுதினேன், உறவு என்ற இடத்தில் பேனை நின்றுவிட்டது. தபால்காரன் பார்ப்பான். கந்தோரில் ஒரு தமிழ்ப்பிள்ளை வேலை செய்வாள். அவளுக்கு அங்கிளைத் தெரிந்திருக்கும். அங்கிளின் சகலன் ஜெர்மனியிலிருந்து என் அம்மாவுக்குக் கடிதம் போடுவார். ஒரு சின்னக் கட்டத்துக்குள் இவ்வளவு பேர் வந்து நின்றார்கள். மகளுடைய கட்டமும் அதே கதைதான். தாய் எனக்கு ஆர் என்று சொல்லாமல் பிள்ளை எனக்கு ஆர் என்று எப்படிச் சொல்வது? இரண்டையும் வெறுமையாக விட்டு, உறையை ஒட்டி, ஓடிப்போய்ப் பெட்டியில் போட்டேன். பின்னேரம் அவள் வந்து “எழுதினியா?” என்றாள்.

“எழுதினன்.”

“சரியா?”

“ஓம்.”

அன்றைக்கு அவள் எனக்குப் பிடித்த மீன்குழம்பு வைத்தாள். வெட்கம்கெட்ட நான் இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டேன்.

அங்கிளைக் கண்டபோது, “நாங்களே நிரப்பிப் போட்டம் அங்கிள்” என்றேன். அவருடைய முகம் வாடிப்போனது. கட்டடத்தில் அவர் கைபடாமல் போன ஒரே தமிழ்ப் படிவம் எங்களுடையது. “வடிவாப் பாத்தனீரோ? உதில குடும்பத் தலைவர் எண்ட இடம் கொஞ்சம் சிக்கல்” என்றார். நான் தலையாட்டிவிட்டு நழுவினேன். நல்ல மனிதர்களை நழுவிவிட முடியாது என்பது எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

மூன்று கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை காலை, கதவில் தட்டு. லிப்ட் அன்றைக்கு வேலை செய்யவில்லை. திறந்தால், அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்கார அம்மா கழுத்தில் அடையாள அட்டையோடு மூச்சிரைத்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் அங்கிள், அவரைவிட அதிகமாக இரைத்துக்கொண்டு. எட்டாம் மாடியில் அந்த அம்மாவைக் கண்டு, மொழி உதவிக்கென்று தானாகவே கூட வந்திருக்கிறார். ஐந்து நிமிடம் இருவரும் பேசவே இல்லை, தண்ணீர் குடித்தார்கள். நான் ஆங்கிலம் பேசுவேன் என்பது அங்கிளுக்குத் தெரியும். ஆனாலும் அரசாங்கத்தோடு பேசுகிற ஆங்கிலம் வேறு என்பது அவருடைய எண்ணம்.

மட்டக்களப்பு உள்ளிருந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். மகள் கதிரையில் காலை மடக்கி இருந்து வேடிக்கை பார்த்தாள்.

அந்த அம்மா பையிலிருந்து இரண்டு படிவங்களை எடுத்தார். இந்த வீட்டிலிருந்து இரண்டு வந்திருக்கின்றன, எது சரி என்று பார்க்கத்தான் வந்தேன் என்றார். முதலாவதைப் படித்தார். நாலு பேர். முதலாம் ஆள், ஆண், வயது நாற்பத்திரண்டு.

“ஆர் அது?” என்றேன்.

“உம்முடைய அண்ணை, வேற ஆர்?” என்றார் அங்கிள். மெல்லிய பெருமையோடு விளக்கினார். நாங்கள் வேலைக்குப் போகிற பிள்ளைகள், ஏதும் பிழை விட்டிருப்போம் என்று அவருக்கு நித்திரையே வரவில்லையாம். பதினாலாம் மாடிக்காரர் படிவத்தைத் தொலைத்துவிட்டார்கள் என்று சொல்லி இன்னொன்று வாங்கி, தனக்குத் தெரிந்த விவரங்களை வைத்து நிரப்பிப் போட்டுவிட்டார். “தலைவர் இல்லாத வீடெண்டு போனால் நாளைக்கு அண்ணையை இஞ்சை கூப்பிடேக்கை பிரச்சினை வரும். தற்காலிகமா வெளியில எண்டு பக்கத்தில குறிப்பும் எழுதியிருக்கிறன்.”

எட்டிப் பார்த்தேன். என் வீட்டில் முதலாம் ஆள், பிறக்காத அண்ணன். இரண்டாவது அவனுடைய மனைவி, மூன்றாவது அவனுடைய மகள். வாடகைப் பத்திரத்தில் பெயர் உள்ள நான் நாலாவது, தங்கச்சி. ஒரு கட்டம்கூட வெறுமையாக இல்லை. அண்ணனின் கல்வித் தகைமைகூட இருந்தது.

அந்த அம்மா இரண்டாவதை விரித்தார். “இதில் மூன்று பேர். ஆனால் இரண்டாம், மூன்றாம் ஆட்களின் உறவு எழுதப்படவில்லை” என்று ஆங்கிலத்தில் சொல்லி, அந்த இரண்டு வெறுங்கட்டங்களையும் விரலால் தொட்டுக் காட்டினார்.

மட்டக்களப்பு அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் சமாளித்திருப்பேன். பஸ்ஸில் பக்கத்தில் வந்திருந்த யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். கட்டிலுக்குக் கீழிருந்து சிவப்புச் சூட்கேசை இழுக்கிற சத்தம் கேட்டது. அதன் சிப் திறந்தது. அந்தச் சிப் ஓரிடத்தில் எப்போதும் இறுகும், நான்தான் மெழுகுதிரி தேய்த்துச் சரிப்பண்ணிக் கொடுப்பேன். இப்போது இறுகவில்லை, ஒரே இழுப்பில் திறந்துவிட்டது.

“எது சரி?” என்றார் அந்த அம்மா.

“முதலாவது பிழை. அந்த ஆள் இல்லை” என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

“ஓம், ஓம், தற்காலிகமா இல்லை” என்றார் அங்கிள்.

“இல்லை அங்கிள். ஒரிடத்திலயும் இல்லை.”

அங்கிள் தண்ணீர்க் கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. “ஐயோ பிள்ளை, எப்ப? சுகரோ? ஒருத்தருக்கும் சொல்லாமல் மனசுக்குள்ள வைச்சுக்கொண்டோ திரியிறியள்?” என்று சுவரைப் பிடித்துக்கொண்டார். நடந்த துக்கம் இன்னதென்று அந்த அம்மாவுக்கு ஆங்கிலத்தில் விளக்கவும் தொடங்கினார். அந்த அம்மா என் கையைப் பிடித்து அனுதாபம் சொன்னார். மகள் கதிரையில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். இன்னும் ஒரு நிமிடம் விட்டால் அங்கிள் கட்டடத்தில் எட்டுச் செலவுக்கு, அதாவது எட்டாம் நாள் சடங்குக்கு, ஆயத்தம் செய்துவிடுவார். அண்ணனைச் சாகவிட்டால் எனக்கு வசதிதான், எல்லாம் அழகாக முடிந்துவிடும் என்ற எண்ணம் ஒரு கணம் எனக்கு வந்தது. மறைக்காமல் சொல்கிறேன், வந்தது. உள்ளே அலுமாரிக் கதவு திறந்தது.

“சாகேல்லை அங்கிள்” என்றேன். “பிறக்கேல்லை. எனக்கு அண்ணையே இல்லை. நான் சொன்னது முழுப்பொய். உவ எனக்கு மச்சாளும் இல்லை.”

“அப்ப?”

“நாங்கள் ரெண்டுபேரும் குடும்பம் நடத்திறம், அங்கிள். அஞ்சு வருசமா.”

அதையே திரும்பி அந்த அம்மாவுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். கணவன் மனைவிபோல என்று சொன்னேன். குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்தது. பதின்மூன்றாம் மாடிக்கும் கேட்டிருக்கும். அந்த அம்மா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “அப்படியானால் ‘வேறு’ என்ற கட்டம். கோட்டில் எழுதவேண்டும். பிள்ளை?”

“மகள்” என்றேன், தமிழிலேயே. அவர் விழித்தார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன்.

உள்ளே சத்தம் நின்றுவிட்டது. மட்டக்களப்பு வெளியே வந்தாள். கையில் சூட்கேஸ் இல்லை. கண் சிவந்திருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்த அம்மாவிடம் கை நீட்டினாள்.

“பேனையத் தாங்க. என்ட கட்டத்த நானே எழுதுறன்.”

படிவத்தைச் சுவரில் வைத்து எழுதினாள். ஒரு சொல் எழுதி, நடுவில் பேனை பிடிக்காமல் போய், உதறி, மறுபடி எழுதினாள். அங்கிள் திறந்த வாயோடு பார்த்துக்கொண்டிருந்தார். மூளை எங்கே நின்றதோ தெரியாது, முப்பது வருடக் கச்சேரி மட்டும் தானாகப் பேசியது.

“அழுத்தி எழுதும் பிள்ளை. அடித்தாளிலயும் விழவேணும்.”

சொன்ன பிறகுதான் தான் எதற்கு உதவி செய்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் படியால் இறங்கிப் போனார்.

ஒஷாவாவுக்கு மட்டக்களப்பு ‘இல்லை’ என்று பதில் எழுதினாள். என்னோடு நாலு நாள் பேசவில்லை. அந்த வெறுங்கட்டத்துக்கான தண்டனை அது, நான் பெற்றுக்கொள்ளவேண்டியதுதான். ஐந்தாம் நாள் “ஏய் யாழ்ப்பாணம், சிப் இறுகுது” என்று சூட்கேசைத் தந்தாள். பூட்டிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன்.

அங்கிள் பேசவில்லை. எங்களைக் கண்டால் லிப்டில் மேலே எரியும் இலக்கங்களைப் பார்த்துக்கொண்டு வருவார். எட்டு மாடி மௌனம், ஒன்றரை வருடமாக. கட்டடத்தில் இரண்டு வீட்டார் எங்களோடு பேச்சை நிறுத்தினார்கள். இரண்டாம் மாடி அன்ரி மட்டும் வழக்கத்தைவிட அதிகமாக வந்து, யார் சமைப்பது, யார் பில் கட்டுவது என்று கேட்டுவிட்டு, “எங்கட வீட்டிலயும் இப்பிடித்தான்” என்று பெருமூச்சு விட்டுப் போவார். மகள் பள்ளிக்கூடத்தில் ரயில்காரரை ஓய்வுபெறச் செய்தாள்.

பிறகு கணக்கெடுப்பின் முடிவுகள் வெளிவந்தன. நூலகத்தில் பார்க்கலாம் என்றார்கள். ஒரு ஞாயிறு பின்னேரம் மூவரும் எங்களைத் தேடிப் போனோம். உதவிக்கு நின்ற பெண் தடித்த தொகுதிகளை எடுத்துத் தந்தாள். குடும்பங்கள் என்ற பக்கத்தில் கல்யாணம் செய்தவர்கள் இருந்தார்கள். செய்யாமல் சேர்ந்து வாழும் ஆணும் பெண்ணும் இருந்தார்கள். தனியே பிள்ளை வளர்க்கும் தாய்மார் இருந்தார்கள். ‘வேறு’ என்ற கோட்டில் எழுதிய எங்களைப்போன்ற ஆட்களைக் காணவில்லை. அந்தப் பெண் குறிப்புகளைத் துழாவிப் பார்த்துவிட்டு, இந்த முறை அப்படிச் சோடிகளைக் குடும்பமாக எண்ணவில்லை என்றாள். தாயும் பிள்ளையும் ஒரு குடும்பம். மற்றவர், உறவில்லாத ஆள்.

“அப்ப நான் தனித் தாய், நீ உறவில்லாத ஆள். ஒரே சட்டியில சோறு” என்று மட்டக்களப்பு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் உயிரைக் கொடுத்துச் சொன்ன சொல். அண்ணனைக்கூட விட்டுக்கொடுத்தேன். அந்தப் புத்தகத்தைத் தூக்கி யன்னலால் எறியவேண்டும்போல இருந்தது. அவள் மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்தாள்.

“அவன் எண்ணாட்டிப் போகட்டும். நீ சொன்னாய்தானே. நான் அறைக்குள்ள நிண்டு கேட்டன்.”

வீட்டுக்கு வந்தபோது லிப்டில் அங்கிள். ஆத்திரத்தில் நான் வாய்க்குள் புறுபுறுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒன்றாம் மாடியில் அவர் தொண்டையைச் செருமினார்.

“முடிவு வந்திட்டுதாமே. உங்களை எந்தப் பகுதியில போட்டிருக்கிறாங்கள்?”

ஒன்றரை வருடத்தில் முதல் வார்த்தை. சொன்னேன். எண்ணவில்லை என்றேன்.

“எண்ணேல்லையோ? எழுதினதையோ?”

“ஓம் அங்கிள்.”

அங்கிளின் கழுத்து நரம்பு புடைத்தது. “கட்டம் வைச்சவன் ஆர்? அவன். எழுதச் சொன்னவன் ஆர்? அவன். ஒரு மனிசி நிண்டு அழுத்தி எழுதினதை நான் என்ர கண்ணாலை பாத்தனான். நிரப்பின கட்டத்தை எண்ணாமல் விடுறதெண்டால் உது என்ன கந்தோர்?” எட்டாம் மாடியில் கதவு திறந்து மூடியது. அவர் இறங்கவில்லை. எங்களோடு பதினாலுக்கு வந்தார். “நீங்கள் இருக்கிற விதம் எனக்கு விளங்கேல்லை. பிடிக்கவும் இல்லை. அது வேற. ஆனால் உதுக்கு ஒரு பெட்டிசம் போடத்தான் வேணும்.”

எங்கள் ஊரில் கந்தோருக்கு முறைப்பாடு எழுதுவதற்குப் பெட்டிசம் போடுவது என்று பெயர். அதில் அங்கிள் வல்லவர். எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்து, இரண்டு பேனையையும் எடுத்து வைத்து, ஒட்டாவாவுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெட்டிசம் எழுதினார். தாழ்மையுடன் சமர்ப்பிப்பது யாதெனில் என்று தொடங்கி இரண்டு பக்கம். ‘பதினாலாம் மாடியிலுள்ள, மூன்று பேர் கொண்ட மேற்படி குடும்பம்’ என்று ஓரிடத்தில் எழுதினார். எழுதிவிட்டு அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வெட்டவில்லை.

கையெழுத்து வைத்து முடித்ததும் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். இவ்வளவு காலமும் அடக்கிவைத்த கோபம் அப்போதுதான் வெளியே வந்தது.

“உம்முடைய அண்ணையின்ர சுகருக்குக் கோயிலில மூண்டு தரம் அர்ச்சனை செய்விச்சனான், தெரியுமோ? கார்த்திகை நட்சத்திரமெண்டு நீர்தான் சொன்னனீர். ஐயர் எவ்வளவு வடிவா மந்திரம் சொன்னவர்!”

எனக்கு நிலத்துக்குள் புதையலாம்போல இருந்தது. “மன்னிச்சுக்கொள்ளுங்கோ அங்கிள்” என்றேன்.

“மன்னிக்கிறது இருக்கட்டும்.” பெட்டிசத்தின் நகலைப் பின்பக்கம் திருப்பி, பேனையின் மூடியைக் கழற்றினார். “இல்லாத ஆளுக்கு மூண்டு அர்ச்சனை போயிட்டுது. இருக்கிற மூண்டு பேரின்ர நட்சத்திரத்தையும் சொல்லுங்கோ.”

அவளுடையதை நான் சொன்னேன். என்னுடையதை அவள் சொன்னாள். மகளுடையதை இருவரும் ஒன்றாகச் சொன்னோம். அங்கிள் மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டார். அழுத்தித்தான் எழுதினார்.